பிரிசில்லா கின்கெய்ட்-ஸ்மித் பற்றித் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

கயல்விழி:
எம்.டி. பொது மருத்துவம் இரண்டாம் வருஷம் படிக்கிறேன், அடுத்து நெஃப்ராலஜி (சிறுநீரக மருத்துவம்) எடுக்கலாம் என்று யோசனை. ஆனால் பிபி நோயாளிகளைப் பார்ப்பதும் எனக்குப் பிடித்த வேலை, அதை விட மனசில்லை. எங்கள் சீஃபிடம் சொன்னபோது, "ரெண்டையும் ஒண்ணா பார்த்த ஒரு அம்மா மெல்பர்ன்ல இருந்தாங்க, பிரிசில்லா கின்கெய்ட்-ஸ்மித், தேடிப் படி" என்றார். தேடினால் பதவிகளும் விருதுகளும்தான் வருகின்றன. அவர் அப்படி என்னதான் செய்தார்?

நல்லசிவம்:
நான் நெஃப்ராலஜிக்காரன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்மா. 1926-ல் ஜொகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, ஆஸ்திரேலிய டாக்டர் ஒருவரைக் கல்யாணம் செய்து 1958 வாக்கில் மெல்பர்ன் வந்தார். நோயுற்ற திசுக்களை ஆராயும் பத்தாலஜியும் கற்றவர், அதனால் வார்டில் பார்த்த நோயாளியின் திசுவை மைக்ராஸ்கோப்பிலும் அவரே பார்ப்பார். அந்தக் காலத்தில் அங்கே பெக்ஸ், வின்சென்ட்ஸ் என்று தலைவலிப் பொடிகள், காகிதத்தில் மடித்துக் கடையிலேயே கிடைக்கும். ஆஸ்பிரின், ஃபெனாசெட்டின், கஃபீன் மூன்றும் கலந்தது. நிறுத்தினால் கஃபீன் இல்லாமல் தலை வலிக்கும், அதற்கு மறுபடியும் ஒரு பொடி, இப்படியே வருஷக்கணக்கில் தினமும் போட்டவர்கள் ஏராளம், அதிலும் பெண்கள்தான் அதிகம். அப்படிப் போட்டவர்களுக்குச் சிறுநீரகத்துக்குள் சிறுநீர் வந்து வடியும் கூம்பு நுனிகள் செத்துச் சுருங்கும், சிலருக்கு உதிர்ந்து சிறுநீரோடு வெளியே வரும். பிபி ஏறும், கடைசியில் கிட்னி செயலிழக்கும். காரணம் இந்தப் பொடிதான் என்று நோயாளிகளிடமும் எலிகளிலும் காட்டி, விடாமல் பேசியவர்களில் முன்னால் நின்றவர் இவர். 1979-ல் இந்தக் கலவைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பதற்குத் தடை வந்தது. அதற்குப் பிறகு இந்தக் காரணத்தால் டயாலிசிஸுக்கு வருபவர்கள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே போனார்கள். ஒரு டாக்டருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மெல்பர்ன் மீனா:
சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அவர் இங்கே வந்தபோது கல்யாணமான பெண்ணுக்கு நிரந்தர வேலை கிடையாது, அதுதான் அன்றைய விதி. ஆராய்ச்சிக் கூடத்தில் தொடங்கி, மூன்று பிள்ளைகளையும் வளர்த்து, 1975-ல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியர் ஆனார். பட்டியலில் இருக்கும் பதவிதான், ஆனால் எந்த இடத்திலிருந்து தொடங்கி அங்கே போனார் என்று பாருங்கள் கயல்.

செல்வகுமார்:
அவர் சொன்னதெல்லாம் நிலைத்துவிடவில்லை என்பதையும் சொல்லணும். குளோமெருலர் நோய்களுக்கு, அதாவது கிட்னியின் நுண்ணிய வடிகட்டிகளில் வரும் நோய்களுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளைத் தீவிரமாகக் கொடுத்தார், அது பொதுவான சிகிச்சையாக வரவில்லை. மற்றபடி அவர் மேல் பெரிய மரியாதை உண்டு.

கயல்விழி:
ரொம்ப நன்றி சார், மீனா அக்கா. இதை இங்கே ஓபியில் எப்படிப் பயன்படுத்துவது?

நல்லசிவம்:
பிபி கட்டுப்படாத யார் வந்தாலும் வலி மாத்திரை பற்றிக் கேள்மா, டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் பிபியையும் ஏற்றும், கிட்னியையும் கெடுக்கும். "வலி மாத்திரை சாப்பிடுறீங்களா" என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். "முட்டி வலிச்சா மெடிக்கல்ல என்ன கேட்டு வாங்குவீங்க, வாரத்துல எத்தனை போடுவீங்க" என்று கேள். பையைத் திறந்து அட்டையையே எடுத்துக் காட்டுவார்கள்.