வெட்டிவேர் எண்ணெயை நீரிலிருந்து பிரிக்க வழி கேட்டு

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மாவட்டக் கடலோர மணற்பாங்கான நிலத்தில் வெட்டிவேர் பயிரிடும் நாங்கள், வேரை மொத்தமாக விற்பதோடு நில்லாமல், நீராவி முறையில் (வேரின் எண்ணெயை நீராவியோடு வெளியேற்றி, அந்த ஆவியைக் குளிரவைத்து நீரும் எண்ணெயுமாகப் பெறும் முறை) எண்ணெயும் எடுக்கத் தொடங்கியிருக்கிறோம். மணம் மிகுந்த கனமான கூறுகள் கடைசியில்தான் வரும் என்பதால் 18 மணி நேரத்துக்குக் குறையாமல் காய்ச்சுகிறோம் (விறகுச் செலவு தனிக் கதை). இந்த எண்ணெயின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியே என்பதால், ஒரு பகுதி மேலே மிதக்க, மற்றொரு பகுதி அடியில் தங்க, எஞ்சியது பால்போல் நீரில் கலந்தே வெளியேறிவிடுகிறது. ஆவி குளிர்ந்து வரும் நீரை முழுதும் ஆறவிடாமல் சற்றுச் சூடாகவே விட்டால் எண்ணெய் எளிதில் பிரியும் என்கிறார்கள். பிரிந்த நீரை மீண்டும் கொதிகலனுக்கே திருப்புவதும் ஒரு வழி. இவற்றைச் செய்து பார்த்தவர்கள், எந்த வெப்பநிலை பொருந்தியது, பிரிகலனை (எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் கலன்) எவ்வாறு அமைத்தீர்கள் என்று தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். படம் இருந்தால் இன்னும் நல்லது.