மைக்கேல் ஐ. ஜோர்டன்: உளவியல் படிப்பு அவருடைய ஆய்வுக்குப் பயன்பட்டதா?

உளவியல் மாணவி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். நான் உளவியல் இளங்கலை இறுதியாண்டில் படிக்கிறேன்; அடுத்துத் தரவு அறிவியலில் முதுகலை சேர விரும்புகிறேன். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியராக இருந்த, இயந்திரக் கற்றல் (தரவிலிருந்து கணினியே கற்பது) ஆய்வாளர் மைக்கேல் ஐ. ஜோர்டனும் இளங்கலையில் உளவியல் படித்தவர் என்று அறிந்தேன். அந்தப் படிப்பு அவருக்கு உண்மையிலேயே கைகொடுத்ததா, அல்லது அதைக் கைவிட்ட பிறகுதான் இத்துறைக்கு வந்தாரா?

கணக்கன்:
கைவிடவில்லை என்பதே என் கருத்து. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1978இல் உளவியல் பட்டமும், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1980இல் கணித முதுகலையும் பெற்ற அவர், 1985இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில், மனம் செயல்படும் விதத்தை ஆராயும் அறிதல் அறிவியலில் முனைவரானார். நெறியாளர் டேவிட் ரூமல்ஹார்ட்டும் உளவியலாளரே. பேச்சில் ஒலிகளும் உடலில் அசைவுகளும் எவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுகின்றன என்ற கேள்வியிலிருந்துதான், ஒரு கட்டத்தின் வெளியீட்டை அடுத்த கட்டத்தின் உள்ளீட்டோடு சேர்த்துத் தரும் நியூரல் நெட்வொர்க் (மூளையின் நரம்புப் பின்னலைப் போன்ற கணினி மாதிரி) வடிவத்தை அவர் உருவாக்கினார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பிறகு பத்தாண்டுகள் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்); 1998இல் பெர்க்லிக்கு வந்து, கணினியியல், புள்ளியியல் ஆகிய இரு துறைகளிலும் பணியாற்றினார்.

நூலகர்:
டேவிட் பிளே, ஆண்ட்ரூ இங் ஆகியோருடன் 2003இல் அவர் வெளியிட்ட எல்டிஏ (LDA) என்னும் தலைப்பு கண்டறியும் முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆவணமும் பல தலைப்புகளின் கலவை என்று கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அத்தலைப்புகளைச் சொற்களிலிருந்து ஊகிப்பது அது. (மரபணுவியலில் மூதாதையர் கலப்பை அறிய ஏறத்தாழ இதே மாதிரியை வேறொரு குழு 2000இலேயே பயன்படுத்தியிருந்தது.)

தரவு ஆய்வாளர்:
அவருடைய அக்கறை எங்கே இருக்கிறது என்பதை 2018இல் அவர் எழுதிய கட்டுரையில் காணலாம். அவருடைய மனைவி கருவுற்றிருந்தபோது, ஸ்கேனில் சிசுவின் இதயத்தைச் சுற்றி வெண்புள்ளிகள் தெரிந்தன. டவுன் சிண்ட்ரோம் என்னும் பிறவிக் குறைபாட்டுக்கான வாய்ப்பு 20இல் 1 என்றனர். உறுதிசெய்யப் பனிக்குட நீரை எடுத்துச் சோதித்தால், 300இல் ஒரு கரு இறக்கக்கூடும் என்றும் அறிந்தார். அவர் விசாரித்தபோது, அந்தக் கணிப்புக்கு அடிப்படையான பிரிட்டன் ஆய்வு சுமார் பத்தாண்டுகளுக்கு முந்தையது என்றும், புதிய கருவியின் படம் அதைவிட நுட்பமானது என்றும் தெரியவந்தது. ஆகவே அப்புள்ளிகள் படத்தில் பொருளின்றித் தோன்றும் வெறும் இரைச்சலாக (noise) இருக்கலாம் என்று கருதிச் சோதனையை மறுத்தனர். பெண் குழந்தை நலமாகப் பிறந்தது.

எந்தக் கருவி, யாரை, எப்போது அளந்தது என்ற இந்தக் கேள்வியை உளவியல் மாணவர்கள் முதலாண்டிலேயே பழகிவிடுகிறீர்கள், தங்கையே. இயந்திரக் கற்றலின் கணிப்புகளை, நேரடியாக அளந்த சிறு தரவைக் கொண்டு திருத்தி, நம்பத்தக்க முடிவுகளை எட்டும் முறையை 2023இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்டதும் இதே வழியில்தான். ஆனால் அவர் இடையில் கணித முதுகலை படித்ததை மறந்துவிடாதீர்கள்; நேரியல் இயற்கணிதத்தையும் நிகழ்தகவையும் இப்போதே தொடங்குங்கள்.

உளவியல் மாணவி:
மிக்க நன்றி, ஐயா. விடுமுறையில் நிகழ்தகவிலிருந்து தொடங்குகிறேன்.