கல்லீரலின் நார்த்திசு: வெட்டும்போதும் ஸ்டெயின் போடும்போதும் கண்ணில் படுபவை

கறிக்கடை ஆட்டு ஈரல் ஒன்று போதும். மேலே கண்ணாடித்தாள் மாதிரி ஒட்டியிருக்கும் சவ்வை நகத்தால் கிள்ளி இழுத்தால் உரிந்து வரும். அதுதான் கிளிசன் உறை. குழாய்கள் நுழையும் வாசல் வரை அதைத் தொடர்ந்து போனால், அங்கே முடியாமல் போர்ட்டல் சிரை (குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்), தமனி, பித்தநாளம் மூன்றையும் சுற்றிக்கொண்டு உள்ளே இறங்கும். ஈரலைக் குறுக்கே வெட்டுங்கள். சுற்றிலும் வெள்ளை நார் தெரியும் ஓட்டை போர்ட்டல் கிளை. நார் அதிகமில்லாமல் வாய் திறந்தே நிற்பது, ரத்தத்தை வெளியே எடுத்துப்போகும் ஈரல் சிரை.

பன்றி ஈரல் ஸ்லைடில் படித்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். அதில் ஒவ்வொரு நுண்மடலையும் (ஈரல் செல்கள் கூடிய சிறு அலகு) நார்ச்சுவர் கட்டம் கட்டிக் காட்டும். மனித ஈரலில் அப்படிக் கட்டம் தெரிந்தால் அது நோய்.

---

மேலே சொன்னது பயாப்சி (ஈரலில் சிறு துண்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் சோதிப்பது) பார்ப்பவர்களுக்கு ரொம்ப முக்கியம். மேசன் டிரைக்ரோம் என்ற ஸ்டெயின் (சாயம்) போட்டால் கொலாஜன் (நாரின் முக்கியப் புரதம்) நீலமாகும். சிவப்புச் சாயத்துக்குப் பிறகு பாஸ்போமாலிப்டிக் அமிலத்தில் வைக்கும் நேரத்தைக் குறைத்தால், கொலாஜனிலிருந்து சிவப்பு முழுசாக இறங்காது, நீலம் சரியாக ஏறாது. நார் குறைவாக இருப்பதாகத் தோன்றும். வெட்டு 4 மைக்ரானைத் தாண்டித் தடித்தால் நேர்மாறாக, எல்லாமே அடர்ந்து தெரியும். உறையை ஒட்டிய பகுதியில் இயல்பாகவே நார் கூடுதல். அங்கிருந்து மட்டும் எடுத்த துண்டை வைத்து சிர்ரோசிஸ் (ஈரல் முழுக்க நார் பரவி இறுகிய நிலை) என்று எழுதிவிடக் கூடாது.

செல்களுக்கு நடுவே ஓடும் மெல்லிய ரெட்டிக்குலின் இழைகள் வழக்கமான ஹெச் அண்ட் இ ஸ்டெயினில் தெரியாது. வெள்ளி ஸ்டெயின்தான் காட்டும். செல்கள் செத்த இடத்தில் இந்த வலை சரிந்து நெருங்கிக் கிடக்கும். டிரைக்ரோமில் அதைப் புது நார் என்று எண்ணுவது அடிக்கடி நடக்கிற தவறு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

---

இந்த நாரைச் சுரப்பது ஸ்டெல்லேட் செல். நலமாக இருக்கும்வரை வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைக்கும் செல் அது. மதுவோ வைரஸோ கொழுப்போ தொடர்ந்து புண்படுத்தினால் சுருங்கி விரியும் செல்லாக மாறி கொலாஜனைக் கொட்டும். ரத்தம் ஓடும் வழி இறுகி, போர்ட்டல் அழுத்தம் ஏறுவது அப்படித்தான்.

ஃபைப்ரோஸ்கேன் (ஈரலின் விறைப்பை உடலுக்கு வெளியிலிருந்தே அளக்கும் கருவி) எடுப்பவர்களுக்கு: 3 மணி நேரம் வெறும் வயிறு, செல்லுபடியாகும் அளவீடு 10. சாப்பிட்ட உடனே எடுத்தால் கிலோபாஸ்கல் (விறைப்பின் அலகு) கூடிக் காட்டும். கடும் மஞ்சள்காமாலை, பித்தநாள அடைப்பு, இதயச் செயலிழப்பு இருந்தாலும் அப்படியே. கருவி அளப்பது விறைப்பை, நாரை அல்ல.