கோ (Go) நிரல்மொழியில் பிழை பார்த்தே பாதி நாள் போகிறது, உங்களுக்கும் அப்படியா?

பழைய ஜாவாக்காரன்:
ஒன்பது வருடம் ஜாவா. நான்கு மாதமாகக் கோ மொழி (‘கோவில்’ என்று எழுதினால் கும்பிடத் தோன்றுகிறது). மூன்று வரி வேலைக்கு ஒன்பது வரி ‘இஃப் எர்ர் நாட் ஈக்வல் நில்’, அதாவது ‘பிழை வந்ததா’ என்ற சோதனை. ஜாவாவில் பிழையை மேலே தள்ள ‘த்ரோஸ்’ போட்டால் தீர்ந்தது. ரஸ்ட் மொழியில் அதற்கு ஒரு கேள்விக்குறி போதும். இவர்கள் ஏன் இதைச் சரிசெய்யவே இல்லை?

ராத்திரி ஷிஃப்ட்:
முயற்சி செய்யாமல் இல்லை, நண்பரே. 2019-இல் இந்தச் சோதனையைச் சுருக்க ‘ட்ரை’ என்று ஒரு முன்மொழிவு வந்தது. கிளம்பிய எதிர்ப்பைப் பார்த்துக் கைவிட்டார்கள். 2025 ஜூனில், இதற்காகப் புது இலக்கணம் தேடுவதையே நிறுத்துவதாகக் கோ குழு எழுதிவிட்டது.

எனக்கு அந்தச் சோதனை தொந்தரவே இல்லை. அது இல்லாத இடம்தான் என்னைக் கவிழ்த்தது. இரவில் ஓடும் ஒரு சின்ன கணக்கு அறிக்கை. பஃபியோ ரைட்டரில் (எழுதுவதை முதலில் நினைவகத்து பஃபரில் சேர்த்துவைப்பது) எழுதிவிட்டு, அதை டிஸ்க்குக்குத் தள்ளும் ஃப்ளஷ்ஷை டிஃபரில் (ஃபங்ஷன் முடியும்போது ஓடுவது) போட்டிருந்தேன். அன்று டிஸ்க் நிறைந்திருந்தது. அறிக்கை மொத்தமும் பஃபரின் 4096 பைட்டுக்குள் அடங்கியதால், எழுதும்போது ஒரு பிழையும் இல்லை. ஃப்ளஷ்ஷில் பிழை வந்திருக்கிறது, டிஃபர் அதை அப்படியே விழுங்கிவிட்டது. காலையில் பார்த்தால் கோப்பு பூஜ்ஜியம் பைட், லாகில் ‘வெற்றிகரமாக முடிந்தது’.

பயன்படுத்தாத இம்போர்ட் (வெளியிலிருந்து சேர்த்த நூலகம்) ஒன்று இருந்தால் பில்டையே நிறுத்துகிற கம்பைலர், கண்டுகொள்ளாமல் விட்ட பிழைக்கு வாயே திறக்காது. என் கோபம் அதன்மேல்தான். ரஸ்டில் ரிசல்ட்டை (வெற்றியா பிழையா என்று திரும்பி வரும் மதிப்பு) அப்படி விட்டால் எச்சரிக்கையாவது வரும்.

துருப்பிடித்தவன்:
அண்ணே, நான் ரஸ்ட் கட்சிதான், ஆனாலும் சொல்கிறேன். உங்கள் கதை அங்கேயும் நடக்கும். ரஸ்டின் பஃப்ரைட்டர் வேலை முடிந்து ட்ராப் ஆகும்போது (நீக்கப்படும்போது) வரும் பிழை சத்தமில்லாமல் போய்விடும். ஃப்ளஷ்ஷை நாமே கூப்பிட்டுக் கேள்விக்குறி போட வேண்டும்.

அப்புறம், அந்தக் கேள்விக்குறி பிழையை மேலே தள்ளிவிடும், அவ்வளவுதான். ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று வரும். எந்தக் கோப்பு என்று வராது. கோ மொழியில் கோப்பைத் திறக்கும் ஓஎஸ் ஓப்பன் தரும் பிழையில் கோப்பின் பெயரும் சேர்ந்தே வரும். இதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

பழைய ஜாவாக்காரன்:
‘த்ரோஸ் போட்டால் தீர்ந்தது’ என்றது கொஞ்சம் ஓவர்தான். ‘த்ரோஸ்’ போட முடியாத லாம்டாவுக்குள் (பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்) ஐஓ எக்செப்ஷன் என்ற பிழை வந்தால் ரன்டைம் எக்செப்ஷனில் சுற்றி வெளியே அனுப்பியவன்தானே நானும்.

சரி, எங்கள் ரெப்போவில் (நிரல் தொகுப்பில்) ‘டிஃபர் ஃப்ளஷ்’ தேடிப் பார்த்தேன். ஏழு இடம். அதில் இரண்டு நான் எழுதியது.