கதையில் வரும் களவாணிகள் நமக்கு ஏன் பிடித்துப்போகிறார்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அஸ்தம்பட்டி வாசகன்:

ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்க்காத சேலத்துக்காரர் இருக்க முடியாது. ஸ்டுடியோ போய்விட்டது, வளைவு மட்டும் மிச்சம். அங்கிருந்து 1950-இல் வந்த 'மந்திரி குமாரி'யில் எம்.ஜி.ஆர். தளபதி. நல்லவர், வீரர், நியாயஸ்தர், எல்லாம் சரி. ஆனால் அந்தக் காலத்து ஆட்களிடம் படத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். முதலில் வந்து நிற்பது எஸ்.ஏ. நடராஜன் நடித்த பார்த்திபன்தான். ராஜகுருவின் மகன், இரவானால் கொள்ளைக்காரன். கொள்ளையும் ஒரு கலைதான் என்று மு. கருணாநிதியின் வசனத்தில் அவன் வாதாடும்போது, அநியாயம் என்று தெரிந்தும் கை தட்டத் தோன்றும்.

நான் மாட்டியது ஜேமி லானிஸ்டரிடம். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' என்ற மாயாஜாலக் கதை வரிசையில் முதல் நாவல் 1996-இல் வந்தது. அதன் தொடக்கத்திலேயே ஜேமி ஒரு சிறுவனைக் கோபுரத்து ஜன்னலிலிருந்து கீழே தள்ளிவிடுகிறான். தன் ரகசியத்தைப் பார்த்துவிட்டான் என்பதுதான் காரணம். இவன் எப்போது சாவான் என்று காத்துக்கொண்டே படித்தேன். 2000-இல் வந்த மூன்றாம் நாவலில்தான் ஆசிரியர் அவனுக்கென்று அத்தியாயங்கள் தருகிறார். அதுவரை பிறர் கண்ணால் பார்த்தவனை இப்போது அவன் மண்டைக்குள் உட்கார்ந்து பார்க்கிறோம். வாள் பிடிக்கும் கை போகிறது. அரசனைக் கொன்ற துரோகி என்று ஊர் தூற்றுகிறதே, அந்த அரசன் நகரத்தையே எரிக்கப் பார்த்தவன் என்று வெந்நீர்த் தொட்டியில் கிடந்தபடி சொல்கிறான். அந்த இடத்தில் நான் முழுசாக அவன் பக்கம் போய்விட்டேன். ஜன்னலிலிருந்து விழுந்த பையன் ஞாபகத்துக்கு வரவே நேரமானது. அவன் எதற்கும் பெரிதாக மன்னிப்புக் கேட்கவில்லை, திருந்திவிட்டதாகவும் சொல்லவில்லை. ஆசிரியர் என் நாற்காலியை இடம் மாற்றிப் போட்டார், அவ்வளவுதான்.

உங்களுக்கு யார்? எந்த இடத்தில் மாட்டினீர்கள்? பொதுவாகக் கருத்துச் சொல்ல வேண்டாம். நடந்ததை எழுதுங்கள்.

கொலுசுப் பட்டறை:

நீங்கள் சொல்வது மாயாஜாலக் கதை, நான் சொல்வது சிலப்பதிகாரம். பரவாயில்லை, மந்திரமும் தெய்வமும் இதிலும் உண்டு.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை எங்களுக்கு. எங்கள் தொழில்காரர்களுக்குச் சிலப்பதிகாரம் நல்ல பேர் வாங்கித் தரவில்லை. கல்யாண வீட்டில் தமிழ் வாத்தியார் யாராவது இருந்தால், 'பொற்கொல்லரை நம்பி நகை கொடுக்கலாமா?' என்று சிரிப்பார். அந்தக் கடுப்பில் கொலைக்களக் காதையைத் தொடாமலே இருந்தேன். மகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டி வந்தபோதுதான் முழுசாகப் படித்தேன்.

அரசியின் சிலம்பைத் திருடியது பொற்கொல்லன். பழியைத் தூக்கிக் கோவலன் தலையில் போட்டுவிட்டு, காவலர்களைக் கூட்டிக்கொண்டு போகிறான். காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவனைப் பார்த்தால் கொல்லப்பட வேண்டியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் சிரிக்கிறான். சிரித்துவிட்டுப் பாடம் எடுக்க ஆரம்பிக்கிறான். கள்வருக்குத் துணை எட்டு: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்கிறான். அப்புறம் ஒரு கதை. ஒரு கள்வன் பகலில் தூதுவனாக அரண்மனைக்குள் போனான், இரவில் பெண் வேடம் போட்டான், விளக்கு நிழலில் பதுங்கி, தூங்கும் இளவரசன் கழுத்து ஆரத்தை உருவினான். விழித்துக்கொண்ட இளவரசன் உடைவாளை உருவி வெட்ட வருகிறான். கள்வன் உறையைக் கையில் எடுத்துக்கொண்டு, வெட்டு விழும்போதெல்லாம் வாளை உறைக்குள்ளேயே வாங்கிக்கொள்கிறான்! கடைசியில் மல்லுக்கு வந்தவனிடம் ஒரு மணித்தூணைக் காட்டிவிட்டு நழுவிவிடுகிறான்.

நான் மகளை மறந்துவிட்டேன். வாளை உறையில் வாங்கிய இடத்தை இன்னொரு தடவை படித்தேன். ஒரு வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனின் கைத்திறனைச் சொல்லும்போது வருகிற ருசி அது. பற்றவைத்த இடம் தெரியாமல் மெருகு போட்ட கொலுசைக் கையில் வாங்கிப் பார்த்தால் எங்களுக்கு வருவதும் அதே ருசிதான். களவு என்பதெல்லாம் அப்போது மனசில் இல்லை.

அடுத்த சில வரிகளில் படிப்பறிவில்லாத ஒரு குடிகாரன் வாளை வீசுகிறான், கோவலன் விழுகிறான். 'அப்பா, அப்போ அந்தக் கதையெல்லாம் சொன்னது இவரைக் கொல்றதுக்கா?' என்று கேட்டாள் மகள். காவலர்களைப் பேச்சில் மயக்கியது போலவே என்னையும் மயக்கியிருக்கிறான். இளங்கோவடிகள் பொல்லாத ஆள். நம்மை நன்றாக ரசிக்கவிட்டு, அப்புறம் வாளைக் காட்டுகிறார்.

கோரிமேட்டு மாணவி:

கொலுசு அண்ணா, எனக்கும் கிட்டத்தட்ட இதேதான். லீ பார்டுகோவின் 'சிக்ஸ் ஆஃப் குரோஸ்', 2015. ஹாஸ்டலில் கை மாறி மாறி வந்த புத்தகம். காஸ் பிரெக்கர் பதினேழு வயதுப் பையன், ஊன்றுகோல் வைத்து நடப்பான், கையுறையைக் கழற்ற மாட்டான், கெட்டர்டாம் துறைமுக ஊரில் ஒரு ரவுடிக் கும்பலையே நடத்துகிறான். இன்னும் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, உடைக்கவே முடியாத ஒரு கோட்டைச் சிறையை உடைக்கப் போகிறான்.

கப்பலில் ஒரு காட்சி வரும். பிடிபட்ட எதிரியிடமிருந்து செய்தியைக் கறக்க, காஸ் அவன் கண்ணையே பிடுங்கிவிட்டு, அப்புறம் ஆளைக் கடலில் தள்ளிவிடுகிறான். படித்ததும் புத்தகத்தை மூடினேன். அறைத்தோழி 'என்னடி ஆச்சு?' என்றாள். 'ஒண்ணுமில்ல' என்று சொல்லிவிட்டு மறுபடி திறந்தேன். எனக்கு இன்னும் உறுத்துவது அந்த 'ஒண்ணுமில்ல'தான். தன் கும்பலில் இருக்கும் இனேஜ் என்ற பெண்ணைக் குத்தியவனைத்தானே இப்படிச் செய்தான் என்று மனசுக்குள் அவனுக்கு வக்கீலாகவே மாறிவிட்டேன்.

எங்கள் உளவியல் வகுப்பில் இதையொட்டி ஓர் ஆய்வைப் பற்றிப் பேசினார்கள். ரெபெக்கா க்ராஸ், டெரெக் ரக்கர் இருவரும் 2020-இல் வெளியிட்டது. நம்மைப் போலவே குணம் உள்ள வில்லன்கள் கதையில் வந்தால் நமக்கு ஈர்ப்பு கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. நிஜத்தில் நம்மைப் போன்ற ஒரு கெட்டவனைப் பார்த்தால் விலகி ஓடுவோம். கதை என்றால் நம் நல்ல பேருக்குப் பழுது வராது, அதனால் பக்கத்தில் போய் உட்காரலாம். எனக்குக் காஸிடம் ஒத்துப்போவது என்னவென்று யோசித்துப் பார்த்தேன். அவனும் யாரிடமும் உதவி கேட்க மாட்டான், நானும் அப்படித்தான். கண் பிடுங்கும் அளவுக்கு இல்லை, பயப்படாதீர்கள்.

பழைய பஸ் ஸ்டாண்டு:

எல்லோரும் பெரிய பெரிய புத்தகமாகச் சொல்கிறீர்கள். எனக்கு 'அலிபாபாவும் 40 திருடர்களும்' போதும். அதுவும் நம்ம மாடர்ன் தியேட்டர்ஸ்தான், 1956, கலர் படம். சின்ன வயதில் டிவியில் பார்த்துவிட்டு 'அலிபாபாவும் திருடித்தானே பணக்காரன் ஆனான்?' என்று அப்பாவிடம் கேட்டேன். 'திருடன்கிட்டே எடுத்தா அது திருட்டில்லை' என்றார். அதே அப்பா, தட்டுவடை செட்டில் ஒன்று குறைந்ததற்கு என்னைத் தெரு முழுக்க விரட்டினார்.

எஸ்டேட் கணக்குப்பிள்ளை:

தொடங்கியவருக்கு வணக்கம். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்குப் பார்க்கிறேன், பெண். ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். படத்தின் பேரே 'மந்திரி குமாரி'. நீங்கள் எம்.ஜி.ஆரைச் சொன்னீர்கள், பார்த்திபனைச் சொன்னீர்கள், வசனம் எழுதியவரையும் சொன்னீர்கள். மந்திரியின் குமாரி எங்கே?

'வாராய் நீ வாராய்' பாட்டை எங்கள் மலையில்தான் எடுத்தார்கள் என்று இங்கே வரும் சுற்றுலாக்காரர்களுக்கு வண்டிக்காரர்கள் காட்டுவார்கள். ஆளுக்கொரு பாறையைக் காட்டுவார்கள், அது வேறு விஷயம். ஒரு தடவை லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனைப் பக்கம் வந்த ஒரு கூட்டம் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. ஒருத்தர் பார்த்திபன் மாதிரி கையை நீட்டிக் கூட வந்த பெண்ணைக் கூப்பிடுகிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், அந்தப் பெண்ணும்தான். அந்தப் பாட்டில் அவன் தன் மனைவியை, அந்த மந்திரி குமாரியைத்தான், கொல்லக் கூட்டிப்போகிறான். அது தெரிந்தவர்களும் அவன் குரலில்தான் பாடுகிறார்கள். திருச்சி லோகநாதன் அப்படிப் பாடிவைத்திருக்கிறார், குற்றம் சொல்லவும் முடியவில்லை.

இந்தக் கதை படத்துக்கும் ரொம்ப முந்தியது. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதை. அந்த நூல் அழிந்துபோய் 19 பாடல்கள்தான் கிடைத்திருக்கின்றன. கதையை நீலகேசி உரையிலிருந்து தெரிந்துகொள்கிறோம். கொலைக்களத்துக்கு இழுத்துப் போகிற கள்வனை மாடத்திலிருந்து பார்த்து ஆசைப்பட்டாள் ஒரு வணிகர் மகள். அப்பா அவனை மீட்டுக் கட்டிவைத்தார். ஒரு நாள் ஊடலில் 'நீ கள்வன்தானே' என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காக மலை உச்சிக்குக் கூட்டிப்போனான். சாவதற்கு முன் உங்களை வலம் வந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்றாள். அவன் நின்றான். பின்னால் போனவள் தள்ளிவிட்டாள்.

நாற்காலியை மாற்றிப் போட்டார் ஆசிரியர் என்று எழுதியிருக்கிறீர்களே, எல்லாம் அதில் இருக்கிறது. களவாணி பக்கத்தில் நாற்காலி கிடைத்தால் அவன் அழகாகத்தான் தெரிவான். அந்தப் பெண் நிற்கிற இடத்தில், முதுகுக்குப் பின்னால் பள்ளத்தை வைத்துக்கொண்டு நின்று பாருங்கள், வசனம் காதில் ஏறாது.

இவ்வளவும் சொன்னதால் எனக்கு நல்லவர்களை மட்டும்தான் பிடிக்கும் என்று நினைக்க வேண்டாம். அவள் செய்ததும் வஞ்சனைதான். கும்பிடுவதாகப் பொய் சொன்னாள், பக்தியாக நடித்தாள், பின்னாலிருந்து தள்ளினாள். என் கணக்கில் முதல் களவாணி அவள்தான். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முத்து காமிக்ஸ் பைத்தியம்:

அக்கா போட்ட போட்டில் தொடங்கியவர் காணாமல் போய்விட்டார் போலிருக்கிறது.

நான் வேறு மாதிரிக் கட்சி. எனக்குத் திருந்திய களவாணியைப் பிடிக்காது. இரும்புக்கை மாயாவியை முத்து காமிக்ஸ் 1972-இல் கொண்டுவந்தது, அதுதான் அவர்களின் முதல் இதழ். பிரிட்டனில் 'வேலியன்ட்' என்ற வார இதழில் 1962-இலேயே வந்த தொடர் அது. லூயிஸ் கிராண்டெல் ஆய்வுக்கூட உதவியாளன். ஒரு கை இரும்பு, மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை தவிர உடம்பு மறைந்துவிடும். கிடைத்த வரத்தை முதலில் எதற்குப் பயன்படுத்தினான்? கொள்ளைக்கு! உலகத்தைக் காக்கும் உளவாளி ஆனதெல்லாம் பிற்பாடு.

சித்தப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்த காமிக்ஸ் கட்டுக்குள் உளவாளி மாயாவியைத்தான் முதலில் படித்தேன். தொடக்கக் கதை கைக்கு வந்தது வளர்ந்த பிறகு. இவன் திருடனா என்று அதிர்ச்சியானேன், ஆனால் கதை அதில்தான் துடிப்பாக இருந்தது. அந்தரத்தில் ஒற்றைக் கை மட்டும் பணத்தை அள்ளும்போது, அடுத்து என்ன செய்வான் என்று யாருக்கும் தெரியாது. உளவாளியான பிறகு என்ன செய்வான் என்று எல்லோருக்கும் தெரியும், ஜெயிப்பான். நல்லவர்களிடம் உள்ள பெரிய குறை இதுதான்.

இராப்பத்துக்காரர்:

திருந்தினால் சுவை போய்விடும் என்கிறார் தம்பி. ஸ்ரீரங்கத்தில் வேடுபறி பார்த்திருக்கிறாரா? நாங்கள் குடும்பத்தோடு சேலத்திலிருந்து போவோம். திருமங்கையாழ்வார் பெருமாளையே வழிமறித்துக் கொள்ளையடித்ததை வைகுண்ட ஏகாதசியையொட்டிய இராப்பத்து விழாவில் நடித்தே காட்டுவார்கள். அடியார்களுக்குச் சோறு போடக் காசில்லை, அதனால் வழிப்பறி. மாப்பிள்ளைக் கோலத்தில் வந்த பெருமாளின் கால் மெட்டி கழலவில்லை என்று பல்லால் கடித்து இழுத்தார். காதில் மந்திரம் விழுந்தது, ஆழ்வார் ஆனார். இதுவரைக்கும் திருந்திய கதைதான்.

அப்புறம் நாகப்பட்டினத்து விகாரத்தில் இருந்த பொன் புத்தரைக் களவாடிக் கொண்டுவந்து அரங்கனுக்கு மதில் கட்டினார் என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. எங்கள் பாட்டி இதைச் சொல்லும்போது குரலில் அப்படி ஒரு பெருமிதம். நாகப்பட்டினத்துப் பௌத்தர் வீட்டுப் பாட்டி இதே கதையை எப்படிச் சொல்லியிருப்பாள்? எஸ்டேட் அம்மா சொன்ன நாற்காலிக் கணக்கைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது.

கோரிமேட்டு மாணவி:

எஸ்டேட் அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இனேஜை மறுபடி யோசித்தேன். காஸின் கும்பலில் சுவர் ஏறும் வேலை அவளுக்கு. அவனை அவளுக்குப் பிடிக்கும், ஆனால் அவன் மாறுவான் என்று காத்துக்கொண்டு உட்காரவில்லை. கவசத்தைக் கழற்றிவிட்டு வருவதானால் வா, இல்லையென்றால் வேண்டாம் என்கிற மாதிரி முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறாள். சிறு பெண்ணாக இருந்தபோது அவளைக் கடத்தி விற்றார்கள். அந்த மாதிரி ஆட்களைக் கடலில் வேட்டையாடுவதுதான் அவள் திட்டம். 2016-இல் வந்த இரண்டாம் பாகத்தின் முடிவில் காஸ் அவளுக்கு ஒரு கப்பல் வாங்கித் தருகிறான். கப்பல் அவளுடையது, அவன் கூடப் போகவில்லை.

எஸ்டேட் கணக்குப்பிள்ளை:

இது நன்றாக இருக்கிறதே. இரண்டு பாகமும் உன்னிடம் இருக்கிறதா பாப்பா? ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கி வருகிறேன், அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கம் வைத்துக் கொடு. கண் பிடுங்குகிற பக்கத்தில் மட்டும் ஒரு சீட்டு வைத்துவிடு, சாப்பிடும்போது படித்துத் தொலைக்கப் போகிறேன்.