பூட்டு சாவி நோட்டீஸ்

குழு: கண்மாய்க்கரை வீட்டார்
2019 டிசம்பர் 20, வெள்ளி

அண்ணன்: எல்லோருக்கும் வணக்கம். ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கும் என் மனைவிக்குச் சின்னம் கிடைத்துவிட்டது. பூட்டு சாவி. நோட்டீஸ் எழுதி முடித்தாச்சு, அச்சகத்தில் ராத்திரி 10 மணிக்குள் கேட்கிறார்கள். திருத்தம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.

அண்ணன்: (படம்)

மதுரைத் தம்பி: பூட்டு சாவியா! ரேஷன் கடைக்கு எதிரே இருக்கிற கடைக்குப் பொருத்தமான சின்னம்

காரைக்குடி அக்கா: மதினிக்கு வாழ்த்துகள்

சிங்கப்பூர் மச்சான்: படம் தெளிவாக இல்லை. யாராவது அடித்துப் போடுங்கள்

நான்: அடிக்கிறேன் மச்சான். 1. கண்மாய் வரத்துக்கால் அளந்து ஆக்கிரமிப்பு அகற்றப்படும். 2. சீமைக் கருவேலம் தூரோடு எடுக்கப்படும், ஏலப்பணம் ஊராட்சிக் கணக்கில் சேரும். 3. ரேஷன் கடைப் பாதையில் உள்ள மதுக்கடையை இடம் மாற்றப் பாடுபடுவோம். 4. மயானப் பாதை எல்லாத் தெருவுக்கும் பொது. 5. வருடம் நான்கு கிராம சபையிலும் வரவு செலவு வாசிக்கப்படும்.

திருப்பூர் சித்தப்பா: ஒன்றாம் நம்பரை எழுதியது யார்?

அண்ணன்: அவள்தான் சித்தப்பா

திருப்பூர் சித்தப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

மதுரைத் தம்பி: நான் படித்துவிட்டேன்

சென்னை அத்தை: டேய், நோட்டீஸில் உன் படம் காலண்டர் சைஸ், அவள் படம் தபால்தலை சைஸ். நிற்பது யார்?

அண்ணன்: அச்சகத்துக்காரர் வைத்தது அத்தை

சென்னை அத்தை: பாதி இடம் பொம்பளைகளுக்கு என்று சட்டம் போட்டது இதற்குத்தானா? மாற்று.

பெரியப்பா: அனைவருக்கும். அவசரப்படாமல் படிக்கவும். முதலில் ஒரு தலைவரால் என்ன முடியும் என்று தெரிந்துகொண்டு எழுத வேண்டும். 100 ஏக்கருக்கு மேல் பாய்கிற கண்மாய் பொதுப்பணித்துறைக்குச் சேர்ந்தது. அதற்குக் கீழே என்றால் ஒன்றியம். நம்முடையது பெரிய கண்மாய். அதில் ஒரு சட்டி வண்டல் அள்ளவும் அனுமதி வாங்க வேண்டும். ஆக்கிரமிப்புக்கு 2007இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. சர்வேயர் அளந்து, நோட்டீஸ் கொடுத்து, அவகாசம் விட்டுத்தான் எடுக்க முடியும். மதுக்கடை ஆட்சியர் கையில். கிராம சபையில் தீர்மானம் போடலாம், அனுப்பலாம், அவ்வளவே. ஆகவே “அகற்றப்படும்” என்பதை “அகற்ற வலியுறுத்தப்படும்” என்று மாற்றவும். மேலும் இது கட்சி இல்லாத தேர்தல். ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும்தான் கட்சிச் சின்னம். தலைவர் சீட்டு இளஞ்சிவப்பு, வார்டு உறுப்பினர் சீட்டு வெள்ளை, ஒன்றியம் பச்சை, மாவட்டம் மஞ்சள். ஆளுக்கு நாலு ஓட்டு. நம் வீட்டுப் பெண்களுக்கே நிறம் தெரியாது. அதைப் பெரிதாகப் போடவும்.

காரைக்குடி அக்கா: சரி பெரியப்பா

மதுரைத் தம்பி: சரி

சிங்கப்பூர் மச்சான்: கருவேல ஏலத்தை என் தம்பி எடுக்கலாமா? கரி மூட்டம் போட ஆள் தயாராக இருக்கிறது

சென்னை அத்தை: வந்துட்டாரு

நான்: எடுக்கலாம் மச்சான். ஆனால் தூரோடு பிடுங்க வேண்டும். மேலே வெட்டிவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்து நிற்கும். போன தடவை ஏலம் எடுத்தவர் அதைத்தான் செய்தார்.

சிங்கப்பூர் மச்சான்: ஜேசிபி வாடகை கட்டாதே

காரைக்குடி அக்கா: ஒரு சந்தேகம். 26ஆம் தேதி கிரகணம். அன்றைக்கு ஓட்டுக் கேட்கப் போகலாமா? காலையிலேயே பிடிக்கிறதாம்

சென்னை அத்தை: மாசமா இருக்கிற பிள்ளையை வெளியே விடாதே

மதுரைத் தம்பி: அக்கா, எங்கள் கல்லூரியில் கண்ணாடி போட்டுப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நீயும் வா

பெரியப்பா: கிரகணம் முடிந்து குளித்துவிட்டுப் போகலாம். நமக்கு ஓட்டு 30ஆம் தேதி. நாள் இருக்கிறது.

திருப்பூர் சித்தப்பா: அண்ணே, பேச்சை மாற்றாதீர்கள். ஒன்றாம் நம்பர் என் தோப்பைத்தான் சொல்கிறது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். என் பணத்தில் அச்சடித்து என் வேலியைப் பிடுங்கச் சொல்கிறீர்களா?

மதுரைத் தம்பி: நீக்கிய மெசேஜும் இதுதான்

அண்ணன்: தோப்பு என்று எழுதவில்லையே சித்தப்பா

பெரியப்பா: தம்பி, கோபப்படாதே. புல வரைபடத்தில் வரத்துக்கால் அகலமாகத்தான் இருக்கிறது. நம் அய்யா காலத்தில் மாட்டு வண்டி உள்ளே இறங்கி ஏறும். இன்றைக்கு உன் கம்பி வேலிக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு ஆடு போகலாம். எதிரே இன்னொரு ஆடு வந்தால் ஒன்று பின்னால் நடக்க வேண்டும்.

திருப்பூர் சித்தப்பா: இத்தனை வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தீர்களே, அப்போது ஏன் அளக்கவில்லை?

பெரியப்பா: தட்டச்சு செய்கிறேன்

பெரியப்பா: எனக்கு மாற்றல் வந்தது

சென்னை அத்தை: பாகப்பிரிவினைக்கு வரவில்லை, மோட்டார் ரூம் சண்டைக்கு வரவில்லை, அப்பத்தா கருமாதிக்கு மட்டும் கணக்கு நோட்டோடு வந்தாய். உனக்கு எப்போதும் மாற்றல்தான்

காரைக்குடி அக்கா: அத்தை ப்ளீஸ்

சென்னை அத்தை: சரி, நான் வேறு ஒன்று சொல்கிறேன். இந்த ஜூன் மாதம் எங்கள் தெருவில் இரண்டு நாளைக்கு ஒரு குடம் என்று பூட்டு போட்டு வைத்தோம். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஏரியையும் வரத்துக்காலையும் அடைத்தால் அதுதான் கதி. திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு ஊர்த் தண்ணீரை மறிக்காதே.

திருப்பூர் சித்தப்பா: அக்கா, 60 தென்னை. என் கையால் வைத்தது.

சிங்கப்பூர் மச்சான்: செலவு எவ்வளவு வரை போகலாம்?

பெரியப்பா: தலைவருக்கு உச்ச வரம்பு 34,000. கணக்கு ஒப்படைக்க வேண்டும். பிளெக்ஸ் வேண்டாம். சென்னையில் பேனர் விழுந்து அந்தப் பெண் போய்ச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சுற்றுச்சூழல் பேசிவிட்டு பிளெக்ஸ் கட்டினால் சிரிப்பார்கள். அப்புறம் நான்காம் எண்ணை எடுத்துவிடவும். மயானப் பாதை வேண்டாம். வடக்குத் தெரு ஓட்டு போய்விடும். பதவியை ஏலம் விடலாம் என்று கோயில் வாசலில் பேசியவர்களே இன்னும் ஆறவில்லை. அதில் இதையும் கொண்டுபோய்ப் போட வேண்டாம்.

மதுரைத் தம்பி: தெற்குத் தெருவுக்கு ஓட்டு இல்லையா பெரியப்பா?

பெரியப்பா: உனக்கு வயது 19

மதுரைத் தம்பி: அதனால்தான் எனக்கும் நாலு ஓட்டு இருக்கிறது

காரைக்குடி அக்கா: மதினி எங்கே? பார்க்கிறாரா?

அண்ணன்: அடுப்பில் இருக்கிறாள். நான் சொல்கிறேன்

சென்னை அத்தை: அவளைச் சொல்லச் சொல்

மதினி: இருக்கிறேன் அத்தை. எல்லாம் படித்தேன். சின்ன மாமா, உங்கள் தோப்பு என்று எழுதவில்லை. அளந்து கல் எங்கே விழுகிறதோ விழட்டும். சர்வேயர் வருகிற அன்றைக்கு நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். நம் வீட்டு வேலியைத் தாண்டி ஊரார் வேலிக்குப் போனால் எவன் விடுவான்? நான்காவது பற்றி. போன ஐப்பசியில் தெற்குத் தெருக் கிழவியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் போனார்கள். மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போன நாங்கள் ஓரத்தில் நின்றோம். முழங்கால் சேறு. பின்னால் பிடித்தவனுக்குச் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. கையை விட்டால் பாடை சாயும். விட்டுவிட்டுப் போனான். மறுநாளும் அந்தச் செருப்பு அங்கேதான் கிடந்தது. அது இருக்கட்டும் மாமா, எடுக்க வேண்டாம்.

மதுரைத் தம்பி: 👏

காரைக்குடி அக்கா: ம்

சிங்கப்பூர் மச்சான்: நான் ஓட்டுப் போட வர முடியாது, டிக்கெட் விலை பார்த்தீர்களா

திருப்பூர் சித்தப்பா: எனக்கு 29 ராத்திரி மானாமதுரை பஸ்ஸில் மூன்று சீட் போடச் சொல்லியிருந்தேன். யார் போட்டீர்கள்?

நான்: நான் போட்டேன் சித்தப்பா. அப்படியானால் வருகிறீர்களா?

திருப்பூர் சித்தப்பா: சீட்டு இருக்கட்டும். வருவது பற்றிப் பிறகு

பெரியப்பா: மருமகள் சொன்னது நியாயம். ஆனால் நியாயம் வேறு, நோட்டீஸ் வேறு. காலையில் நேரில் பேசுவோம்.

அண்ணன்: காலை வரை நேரம் இல்லை பெரியப்பா. அச்சகத்தில்தான் நிற்கிறேன். ஒன்றில் “வலியுறுத்தப்படும்” போட்டுவிட்டேன். நான்கில் “மயானப் பாதை சீரமைக்கப்படும்” என்று இருக்கிறது. “எல்லாத் தெருவுக்கும் பொது” என்பதை எடுத்தாச்சு. எல்லோருக்கும் திருப்திதானே

மதினி: யாரைக் கேட்டு?

அண்ணன்: வீட்டுக்கு வந்து சொல்கிறேன்

மதினி: அச்சு ஓட்டச் சொல்லாதீர்கள். நான் அங்கே வருகிறேன். தம்பி, வண்டியை எடு

நான்: எடுத்துவிட்டேன் மதினி, வாசலில் நிற்கிறேன்

சென்னை அத்தை: போகிறபோதே அந்தப் படத்தையும் பெரிதாக்கச் சொல்லு

பெரியப்பா: அனைவருக்கும். இப்போதுதான் கவனித்தேன். நோட்டீஸில் சாவி தலைகீழாக இருக்கிறது.