செராமிக் பெசலில் சாம்பல் கோடு: கீறலா, உலோகக் கறையா?

நண்பர்களே, என் டைவர் வாட்ச்சின் கறுப்பு செராமிக் பெசலில் (டயலைச் சுற்றியிருக்கும் வளையம்) மெல்லிய சாம்பல் கோடு ஒன்று தெரிகிறது. நகத்தால் வருடினால் பள்ளம் தட்டுப்படவில்லை. ஸிர்கோனியா செராமிக்கின் கடினம் விக்கர்ஸ் அளவில் சுமார் 1200. எஃகு அதற்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் உரசிய எஃகுதான் தன் துகளை அதன்மேல் விட்டுப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போட்டுப் பார்த்தாயிற்று. அழுக்கு போனது, கோடு போகவில்லை. பென்சில் ரப்பரால் தேய்க்கலாமா? பெசல் தாங்கும், சரி. செதுக்கிய எண்களுக்குள் இருக்கும் பிளாட்டினப் பூச்சு தாங்குமா? அதுதான் பயம். பாலிஷ் பேஸ்ட் பக்கம் போகவே மாட்டேன், வாட்ச்சின் எஃகு உடல் (கேஸ்) கெட்டுவிடும்.

அப்புறம், செராமிக் அடிபட்டால் விரிசல் விடும் என்பதால் கேட்கிறேன்: விளிம்பில் மயிரிழை விரிசல் இருந்தால் வெறுங்கண்ணுக்குத் தெரியுமா, லென்ஸ் வேண்டுமா?